நம் குறையைச் சொன்னவரை நேசிப்போம்

பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டால், நாம் தோப்பில் முஹம்மது மீரான் அவர்களையே சொல்வோம். தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்த அவர், ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் ஊர் முதலாளியின் ஆணவத்தையும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்திற்கு எழுந்த எதிர்ப்பையும், மார்க்கத்தின் பெயரால் எளியோர் ஏமாற்றப்பட்டதையும் மறைக்காது எழுதினார்.

“நம் குறையை நாமே ஊரறியச் சொல்லலாமா?” என்று வருந்துவோர் இன்றும் உளர். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நமக்கும் அத்தயக்கம் முன்பு இருந்தது. ஆயினும், நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் ஏவுகிறதன்றோ? அக்கதையை முதலில் தொடராக வெளியிட்டதும் நம் சமுதாய இதழான ‘முஸ்லிம் முரசு’தான்.

அவர் வெளியே நின்று ஏளனம் செய்யவில்லை; நம்முள் ஒருவராக நின்று, நம் வீட்டுப் பேச்சிலேயே வேதனையைச் சொன்னார். நாம் அவரை நேசிப்பது அதனாலேயே.

பெற்றோர்களே, அந்நூலை வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து ஒளிக்காதீர்கள், உடனமர்ந்து வாசியுங்கள். மார்க்கம் எது, அதன் பெயரால் நடந்த அநீதி எது என்பதை அவர்கள் நம்மிடமிருந்தே அறியட்டும். இல்லையேல் இரண்டும் ஒன்றென்று பிறர் கற்பித்துவிடுவர்.