கடிவாளம் யார் கையில்?

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஏப்ரல் வசந்த காலத்தில் குடும்பத்தோடு நுவரெலியா வருகிறாராம். பிள்ளைகள் இருவரும் அங்கே குதிரையேற்றம் பயின்றவர்கள். தேயிலை மலைகளில் சில நாட்கள் குதிரையில் சுற்ற வேண்டும் என்பது அவர்களது ஆசை. "வழிகாட்டியோடு போவதா, வரைபடத்தை வைத்துக்கொண்டு நாங்களே போவதா? நீர் ராகலைப் பக்கமெல்லாம் அலைந்தவர், சொல்லும்" என்று கேட்டிருந்தார்.

கேள்வி எளியது. பதில் அவ்வளவு எளியதன்று. பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் தனிப்பயணத்தின் பக்க நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம்மூரில் 'வழிகாட்டியுடன் குதிரைச் சவாரி' என்றால் என்ன? 1873-இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் கட்டப்பட்ட ஏரியின் கரையில், ஒரு மட்டக்குதிரையின் மேல் உங்களை ஏற்றிக் கயிற்றைப் பிடித்து நூறு யார் இழுத்துச் சென்று, திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். கொடைக்கானல் ஏரிக்கரையிலும் இதே காட்சிதான். இங்கே வழியும் இல்லை, காட்டுதலும் இல்லை. கயிறு மட்டுமே உண்டு. 1875-இல் தொடங்கிய பந்தயத் திடலில் ஓடிக் களைத்த குதிரைகளும் சுமக்கின்றன. உழைப்பு முடிந்ததும் கட்டாக்காலிகளாக நகர வீதியில் குப்பையைக் கிளறி நிற்கும் குதிரைகளையும் பார்த்திருக்கிறோம். போதாக்குறைக்குக் கொழும்பிலிருந்து வரும் சில வழிகாட்டிகள், வழியெல்லாம் தரகு கிடைக்கும் கடைகளையே காட்டுவார்கள். இதையெல்லாம் பார்த்தவர் "எனக்கு எவரும் வேண்டாம், நானே போகிறேன்" என்று சொன்னால் அவரைக் குறைகூற முடியாது.

உலகப் போக்கும் அப்படித்தான் இருக்கிறது. பிரான்சில் தேர்ந்த சவாரியாளரின் கையில் குதிரையையும் வரைபடத்தையும் கொடுத்து, இரவுத் தங்கலையும் ஏற்பாடு செய்து அனுப்பிவிடுகிறார்கள். நமது மலையகத்தில் பல நாள் குதிரைப் பயணம் வேரூன்றிய தொழிலன்று. ஆனால் அதன் தம்பியாகிய நடைப்பயணம் வந்துவிட்டது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ டிரெயில்' 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது; 22 கட்டங்கள் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்காவின் யூஎஸ்எய்ட் ஆகியவற்றின் நிதியுதவியோடு உருவானது. கைத்தொலைபேசியில் தடத்தை இறக்கிக்கொண்டு தனியே நடப்போர் பலர். பழைய தோட்டப் பாதைகளை மீட்டு உலகின் கண்ணுக்குக் கொண்டுவந்த அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். என் சண்டை பாதையோடு அன்று. அந்தப் பாதையில் மனிதத் துணை தேவையில்லை என்ற எண்ணத்தோடுதான்.

ஏன் தேவை? முதற்காரணம் நிலம். தேயிலை மலை புல்வெளியன்று. நிரைகளுக்கிடையே வெட்டப்பட்ட கான்களைப் புதர் மூடியிருக்கும்; குதிரையின் கால் உள்ளே போனால் எலும்பு முறியும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குளவி. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் செய்தியை எத்தனை முறை பத்திரிகைக்கு எழுதியிருப்பேன்! சிலர் திரும்பி வரவேயில்லை. எந்த மரத்தில், எந்தப் பாறை இடுக்கில் கூடு இருக்கிறது என்பதை அந்த மலையில் அன்று வேலை செய்பவரே அறிவார். ஜி.பி.எஸ். அறியாது. மிரண்ட குதிரையின் மேல் அமர்ந்திருப்பவனுக்கு வரைபடம் என்ன செய்யும்?

சொந்த அனுபவம் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன், ராகலைக்கு அருகே ஒரு தோட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். திரும்பும்போது இளமைத் திமிரில் குறுக்குப் பாதையில் இறங்கினேன். பனி சூழ்ந்துவிட்டது. கவ்வாத்து வேலை முடித்து வந்த பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார்: "தம்பி, அந்தப் பக்கம் எறங்காதீங்க. போன மழைக்கு மண்ணு சரிஞ்ச எடம். மேலதான் புல்லு மொளச்சிருக்கு, கீழ ஒண்ணுமில்ல." புல் முளைத்த இடத்தை நான் நல்ல தரை என்றே நினைத்திருந்தேன். இன்று இதை எழுதிக்கொண்டிருப்பது அந்தப் பெரியவரின் தயவு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளைக் கிழித்துப்போட்டது. நாடு முழுதும் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் மண்சரிவால் பேரிழப்பைக் கண்டன. அதற்குமுன் வரைந்த வரைபடத்தை நம்பி ஒரு சரிவில் குதிரையை விடுவது அறிவீனம். எந்தச் சரிவில் புல் மட்டும் முளைத்திருக்கிறது என்பதைச் சொல்ல இன்றும் அப்படியொரு பெரியவர்தான் வேண்டும்.

இரண்டாவது காரணம், பாதை என்று நாம் நினைப்பது பிறர் வீட்டு முற்றம் என்பது. தோட்டப் பாதைகள் பெரும்பாலும் லயங்களை ஒட்டியே போகின்றன. வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடு. நேரில் பார்த்தால் இஸ்தோப்பில் பிள்ளைக்குத் தலைவாரும் தாய், பீலியில் குளிக்கும் பெண். தனியே வரும் பயணி கேட்காமலே படமெடுத்துக்கொண்டு போகிறார். தீய எண்ணம் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கூட வருபவர் அந்தத் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால், "அக்கா, கனடாவிலிருந்து வந்திருக்காங்க" என்ற ஒரு சொல்லில் அந்நியர் விருந்தாளியாகிவிடுவார்.

மூன்றாவது காரணம் கூலி. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2026-ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதை எட்டுவதற்கு எத்தனை வருடப் போராட்டம்! அந்த மலைகளின் அழகை விற்றுத்தான் விடுதிகள் நடக்கின்றன. அழகை உண்டாக்கியவர் படத்தில் மட்டும் இருக்கிறார், கணக்கில் இல்லை. தனிப்பயணம் அவரை முற்றாக விலக்கிவிடுகிறது. சுற்றுலா அதிகார சபை பிரதேச வழிகாட்டிகளுக்கென்று அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. க.பொ.த. உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் நிற்கும் தோட்டத்து இளைஞர் யுவதிகளுக்கு அதை முன்னுரிமையோடு கொடுப்பதில் என்ன தடை? தமிழும் சிங்களமும் பேசும் பிள்ளைகள் அங்கே நிறைய. ஆங்கிலத்தையும் முதலுதவியையும் பயிற்றுவியுங்கள்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: "வழிகாட்டி என்பவன் கங்காணியின் மறுபிறப்புத்தானே?" கூர்மையான கேள்வி. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நம் மூதாதையரை நடத்திவந்தவன் கங்காணி. வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்தவர்களைக் கடனும் துண்டும் கட்டிப்போட்டன. 2023-இல், இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தார்கள். ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். கங்காணிக்கு வழி தெரியும், நடந்தவருக்குத் தெரியாது; அந்த அறியாமையே அவன் முதலீடு. இன்று வழி தெரிந்தவர் நடந்தவரின் பேரப்பிள்ளை, தெரியாதவர் நீங்கள். அவருக்கு நீங்கள் கொடுப்பது கூலி மட்டுமன்று, தன் மண்ணைத் தன் வாயால் சொல்லும் உரிமையும்தான்.

1904-இல் ராகலையை எட்டிய சிறு ரயில் பாதையைப் பற்றி எந்தப் பலகை உங்களுக்குச் சொல்லும்? நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக வந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றிய அந்தக் 'கோச்சி' 1940-களில் நின்றுபோயிற்று. 1948-இன் குடியுரிமைச் சட்டம் ஒரே கையெழுத்தில் இந்த மலைகளின் மக்களை நாடற்றவராக்கியது எந்தச் செயலியில் இருக்கிறது?

சுதந்திரமாகத் தனியே சவாரி செய்தவர் வெள்ளைக்காரத் துரை என்று நினைக்கிறோம். அதுவும் பொய். துரையின் குதிரைக்குப் பின்னால் மலையேறி ஓடிய குதிரைக்காரர் ஒருவர் உண்டு. புல் வெட்டியவர், சேணம் பூட்டியவர், ஆற்றில் எங்கே இறங்கலாம் என்று அறிந்தவர் அவரே. துரையின் நினைவுக் குறிப்புகளில் அவருக்குப் பெயர் இருப்பது அரிது. தனிப்பயணம் என்ற கற்பனையே அவர் பெயரை மறைத்துப் பிறந்ததுதான்.

ஆகவே நண்பரே, வழிகாட்டியோடு போங்கள். ஆனால் விலை கேட்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எங்களோடு வருபவர் எந்தத் தோட்டத்துப் பிள்ளை? கொடுக்கும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகும்? குதிரையின் முதுகில் புண் இருக்கிறதா, சேணத்தைக் கழற்றிக் காட்டுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காவிட்டால் குதிரையை விட்டுவிட்டு, அந்த ஊர்ப் பிள்ளை ஒருவரோடு நடந்தே போங்கள். கடிவாளம் உங்கள் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். அவர்களுக்குத் தெரிந்த வித்தை அது. வழி மட்டும் ராகலைக்காரர் சொல்லட்டும்.