காற்று எந்தப் பக்கம் வீசுது?

போன மாசம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி. வெஸ்ட்மீட்ல எங்க வீட்டு பால்கனியில், பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரில் என் ஜாக்கெட்டை அலசிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஆபீஸ் நண்பரோடு ஓபரான் பக்கம் ஒரு பண்ணை நிலத்தில் மான் வேட்டை. சுடப்போவது அவர், நான் சும்மா கூட. "வாசனை சோப்பு வேண்டாம், டியோடரன்ட் வேண்டாம், துணியை சமையலறைப் பக்கமே மாட்டாதே" என்று லிஸ்ட் அனுப்பியிருந்தார்.

எட்டு வயது மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். "எதுக்குப்பா?"

"மானுக்கு நம்ம வாடை தெரியக் கூடாதும்மா."

"என் ஸ்கூல் ஜாக்கெட்டையும் இப்படி அலசித் தர்றீங்களா?"

கை அப்படியே நின்றுபோச்சு.

நம்ம பக்கத்து ஊர் ஹாரிஸ் பார்க்குக்குப் பெயர் தந்த டாக்டர் ஜான் ஹாரிஸ்தான், 1800களின் தொடக்கத்தில் நம்ம ஊர்ப் புள்ளிமானை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தவர். 1860களில் விக்டோரியாவில் விடப்பட்டது கடமான், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளா என்பார்களே அதேதான். ஓபரானில் நாங்கள் தேடியது ஐரோப்பாவிலிருந்து வந்த ஃபேலோ மான்.

எந்த மானாக இருந்தாலும் மூக்குதான் அதற்குக் காவல். வியர்வைக்குத் தனியாகப் பெரிய வாடை கிடையாது. தோலில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வருது. உதிரும் தோல் துகளும் காற்றில் போகுது. சோடா, சோப்பெல்லாம் இதைக் குறைக்கும், ஒழிக்காது. அதனால் நண்பர் ஒரு சின்ன பாட்டிலில் பவுடர் வைத்துக்கொண்டு, அடிக்கடி பீய்ச்சிக் காற்றின் திசையைப் பார்த்தார். பகலில் வெயிலில் சூடான காற்று சரிவில் மேலே ஏறும். சாயங்காலம் குளிர்ந்து கீழே இறங்கும்.

சாயங்காலம் எங்களுக்குக் கீழே மூணு மான்கள். காற்று எங்க முகத்தில் அடித்தவரை அமைதியாக மேய்ந்தன. சூரியன் மறைந்ததும் என் பிடரியில் சில்லென்றது. ஒரு மான் தலையைத் தூக்கி, முன்னங்காலைத் தட்டியது. அவ்வளவுதான், மூணும் காணோம். நண்பர் சிரித்தார்: "எத்தனை தடவை தோய்ச்சாலும் மனுஷன் மனுஷன்தான்."

திரும்பி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். விருந்தாளி வந்தால் மெழுகுவத்தி ஏற்றுவது யார்? தாளிக்கும் முன் பெட்ரூம் கதவைச் சாத்துவது யார்? வகுப்பில் மூக்கைப் பிடித்தது ஏதோ ஒரு பிள்ளை. ஆனால் நம்ம வாடையை ஒளிக்கணும்னு அவளுக்குப் பாடம் எடுத்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன்: "மான் உயிருக்குப் பயந்து ஓடுது, அதுகிட்ட மறைக்கலாம். உன் ஃபிரெண்ட்ஸ்கிட்ட எதுக்கு?"

"ஆனா மூக்கைப் பிடிக்கிறாங்களேப்பா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. டீச்சரிடம் பேசினேன். திங்கள், செவ்வாய் சாண்ட்விச்தான் கேட்டாள். புதன்கிழமை, "கொஞ்சமா லெமன் சாதம்" என்றாள். டப்பா காலியாக வந்தது.

இப்போ தாளிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. உங்க வீட்டில் எப்படி?