வரிசை பிறழ்ந்தால் சொல் தொலையும்

எம் பள்ளி மாணாக்கர்கள் நல்ல தமிழ்ச் சொற்களைத் தொகுத்துக் கணினியில் ஏற்றி வருகின்றனர். அதற்குரிய மென்பொருளை, அடைவு முதல் தேடல் வரை, என் பழைய மாணாக்கர் ஒருவர் தாமே எழுதித் தந்தார். ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'பலா' முதல் 'பறவை' வரையுள்ள சொற்களைக் கேட்டாள். 'ஒன்றுமில்லை' என்று விடை வந்தது. பலாவும் பவளமும் பழமும் பள்ளியும் பறவையும் அத் தொகுப்பில் உள்ளன. அவற்றுள் இரண்டை ஏற்றியவள் அவளே. எனினும் அவள், "ஐயா, நான்தான் சரியாக ஏற்றவில்லை போலும்" என்று தன்னை நொந்துகொண்டாள். பொறி பிழை செய்யுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. இதனை எழுதக் கரணியம் அதுவே.

பிழை எங்கே? ஒவ்வொரு சொல்லாகப் புரட்டித் தேடினால் காலம் வீணாகும். ஆகலின், நூலின் இறுதியில் சொல்லடைவு சேர்ப்பது போலத் தரவுத்தளத்திற்கும் அடைவு அமைப்பர். இன்று பெரிதும் வழங்கும் அடைவமைப்பை 1970-இல் அமெரிக்கப் போயிங் ஆய்வகத்தில் பேயர், மெக்கிரைட்டு என்னும் இருவர் வகுத்து, 1972-இல் வெளியிட்டனர். அதில் சொற்கள் வரிசையாக நிற்கும். 'இதிலிருந்து இதுவரை' என்று கேட்டால், தொடக்கத்தைக் கண்டு, அங்கிருந்து இறுதிவரை நடந்து, நின்றுவிடலாம். இதனை எல்லைத் தேடல் என்போம்.

அடைவின் வழியே செல்வதா, முழுத் தொகுப்பையும் புரட்டுவதா என்று தேர்ந்து சொல்லும் உறுப்பு ஒன்றும் உண்டு. வினவல் உகப்பாக்கி என்பர். வழித்தேர்வி என்றால் மாணாக்கர்க்கு எளிதில் விளங்கும். செலவைக் கணக்கிட்டு வழி தேரும் முறையை 1979-இல் ஐ.பி.எம். நிறுவனத்துச் செலிஞ்சர் முதலானோர் விளக்கி எழுதினர்.

இம் முறை முழுதும் ஒரு விதியின்மேல் நிற்கிறது. வினா எவ் வரிசையைக் கருதிக் கேட்கப்பட்டதோ, அவ் வரிசையிலேயே அடைவும் அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். எல்லைகளும் அவ் வரிசையிலேயே ஒப்பிடப்படல் வேண்டும். மூன்றில் ஒன்று பிறழினும் விடை பிறழும்.

எம் தொகுப்பில் அதுதான் நேர்ந்தது. திரையில் சொற்களை நெடுங்கணக்கு வரிசையிற் காட்டிய அம் மென்பொருள், அடைவை மட்டும் ஒருங்குறி எண்வரிசையில் அடுக்கியிருந்தது. நமக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது வரிசை. ஒருங்குறியிலோ ந-வை அடுத்து ன. ர-வை அடுத்து ற. அதன்பின் ல, ள, ழ, வ. எனவே நமக்குப் பலா, பவளம், பழம், பள்ளி, பறவை, பனை என நிற்பவை, அங்கே பனை, பறவை, பலா, பள்ளி, பழம், பவளம் என நிற்கும். வழித்தேர்வி இரு எல்லைகளையும் எண்ணால் ஒப்பிட்டது. தொடக்கமாகிய பலா, இறுதியாகிய பறவைக்கு அப்பால் இருக்கக் கண்டது. இடையில் எதுவும் இருக்க இயலாதென்று முடிவு கட்டி, ஒரு சொல்லையும் பாராமலே 'இல்லை' என்றது!

'படம்' முதல் 'பழம்' வரை கேட்டுப் பார்த்தேன். பயறும் பருத்தியும் பலாவும் வந்தன, பவளம் வரவில்லை. வரத்தகாத பனையும் பறவையும் பள்ளியும் வந்து புகுந்தன. ஒன்றுமில்லை என்னும் விடையையாவது ஐயுறலாம். பத்துச் சொல் வந்து ஒரு சொல் வாராதொழிந்தால் ஐயுறுவார் யார்?

இவ் வெண்வரிசை எங்கிருந்து வந்தது? இந்திய எழுத்துமுறைகள் பலவற்றை ஒரே அச்சில் வார்த்த இசுக்கி என்னும் குறியீட்டைத் தழுவியே 1991-இல் ஒருங்குறி தமிழுக்கு இடம் வகுத்தது. அவ் வச்சில் ன, ற, ழ ஆகியவை ந, ர, ள ஆகியவற்றின் பக்கத்தில் ஒட்டவைக்கப்பட்டன. தொல்காப்பியர் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடித்த முப்பதெழுத்தின் வரிசை அங்கே இல்லை. புள்ளிக்கும் உயிர்க்குறிகள் அனைத்திற்கும் பிற்பட்ட எண்ணே கிடைத்தது. ஆகவே அங்கே கௌ-வுக்குப் பின்னரே க் நிற்கும்.

'அவ்வாறாயின் எண்களை மாற்றுக' என்பார் நம்முள் உளர். அவர் நெஞ்சத்தின் சூடு எனக்கும் உண்டு. ஆயினும் ஒருமுறை இடந்தந்த எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறி அமைப்பின் உறுதிப்பாடு. எண்வரிசை வேறு, அகரவரிசை வேறு என்பதை அவ் வமைப்பே ஒப்புகிறது. தமிழ் வரிசையைத் தனியே வரையறுத்தும் வைத்துள்ளது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றபோதே, தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரும் குறியீட்டையும் மாற்றுத் தரமாக ஏற்றது. வழிகள் உள்ளன, கைக்கொள்வார்தாம் குறைவு.

இந் நோய் தமிழுக்கு மட்டும் வந்ததென்றும் கருதற்க. 2018 ஆகத்துத் திங்களில் குனு சி நூலகத்தின் 2.28-ஆம் பதிப்பு எழுத்துகளை ஒப்பிடும் வரிசையை மாற்றியது. அதனை நம்பியிருந்த போசுட்கிரெசு தரவுத்தளங்களில் அடைவு பழைய வரிசையிலும் ஒப்பீடு புதிய வரிசையிலும் நின்றன. இருந்த பதிவுகளே தேடலில் அகப்படாமற்போகும் நிலை வந்தது. ஒன்றே இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு புகவும் வழி ஏற்பட்டது. அடைவுகளைப் புதிதாய் அடுக்குவதே தீர்வாயிற்று.

எம் மாணாக்கரும் அதையே செய்தார். அடைவை நெடுங்கணக்கு வரிசையில் முற்றும் புதிதாய் அடுக்கினார்; எல்லைகளையும் அவ் வரிசையிலேயே ஒப்பிடச் செய்தார். வினாவின் வரிசையும் அடைவின் வரிசையும் வேறுபட்டால், வழித்தேர்வி அடைவைத் தொடாமல் முழுத் தொகுப்பையும் புரட்டவேண்டுமென்றும் வரையறுத்தார். அது சற்றுக் காலம் கொள்ளும். ஆயினும் மெய்யான விடை தரும். விரைந்து வரும் பொய்யினும் தாழ்ந்து வரும் மெய்யே நமக்கு வேண்டும். இறுதியாக, 'பலா முதல் பறவை வரை' என்னும் வினாவையே நிலையான தேர்வாக வைத்தார். மென்பொருளில் எம் மாற்றம் செய்யினும் அத் தேர்வில் தேறிய பின்னரே அது வெளிவரும்.

தமிழில் இயங்குமென்று சொல்லி மென்பொருள் தருவோரை ஒன்று கேட்கிறேன். எழுத்து திரையில் தோன்றிவிட்டால் தமிழ் இயங்கிற்று என்று அமையாதீர்கள். அகரமுதலி, நூலகப் பட்டி, மாணாக்கர் பெயர்ப்பட்டி எதுவாயினும் அதனை எம் கையில் தருமுன் இவ் வினாவைக் கேட்டுப் பாருங்கள். வாங்கும் பள்ளியாரும் கேட்டுப் பார்த்தே வாங்குங்கள். ஐந்து சொல்லும் முறையாக வந்தால் ஏற்றுக்கொள்வோம். வாராதொழிந்தால், பிழை பொறியினது என்று அக் குழந்தைக்கு எடுத்துச் சொல்லும் கடமை ஆசிரியர்களாகிய நமக்கு உண்டு.