சில்லு கழலுமுன் கை பழகட்டும்

தீவகத்து மக்களாகிய எமக்குத் தரைவழி என்பதும் பாதி கடல்வழிதான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியில் ஏறினால் இரு பக்கமும் உப்புநீர். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியிலும் அப்படியே. குறிகட்டுவானில் வீதி முடிந்துவிட, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறவேண்டும். 1990 ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கிய இடப்பெயர்வின் பின்னர் எம்மில் பலர் குடாநாட்டிலும் வன்னியிலும் தங்கிவிட்டோம். ஆயினும் காணி தீவிலேயே கிடக்கின்றது. விதைக்கவும், வேலி அடைக்கவும், விளைந்ததை ஏற்றவும் போய்வருகின்றோம். இந்தப் போக்குவரவைத் தாங்குவது ஒரு பழைய கார், ஓர் ஓட்டோ, அல்லது லான்ட்மாஸ்ரரும் அதன் பெட்டியும்தான்.

அந்த வாகனத்தின் சில்லுக்குள் ஒளிந்திருக்கும் பெயாரிங் பற்றி இங்கே பேச விரும்புகின்றோம். பொருள் சிறிது. ஆனால் அது சிதைந்தால் சில்லு இறுகும் அல்லது கழலும். தாம்போதியின் நடுவில் சில்லு கழன்றால் ஒதுங்க இடமில்லை. அறுவடை நாளில் வாகனம் படுத்தால் அந்தப் போகத்தின் வருமானமும் படுத்துவிடும். பெயாரிங் மாற்றும் அறிவு ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கவேண்டும் என்பது எமது கருத்து.

இது எமக்குப் புதிய வேலையல்ல. மாட்டுவண்டிலின் அச்சுக்கு எண்ணெய் இட்டு, கடையாணியைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டவர்கள் எமது முன்னோர். கூம்பு உருளைப் பெயாரிங்குக்கு 1898இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான ஹென்றி ரிம்கனும் குதிரைவண்டி செய்தவரே. பாரவண்டி வளைவில் திரும்பும்போது அச்சில் பக்கவாட்டாக விழும் பாரத்தைத் தாங்கவே உருளைகள் சரிவாக அமைக்கப்பட்டன. வண்டிலின் அறிவுதான் காருக்குள்ளும் இருக்கின்றது.

1990 முதல் 1995 வரையான தடைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓட்டினோம். உதிரிப்பாகம் வராதபோது ஒரு காரைக் கழற்றி இன்னொரு காரை ஓடவைத்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது அந்தக் கைகளும் சிதறின. சிலர் திரும்பவில்லை, சிலர் கடல் கடந்தனர். 2002இல் ஏ-9 வீதி திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடியது, 2009இல் மீண்டும் திறந்தது. அதன்பின் புதிய வாகனங்கள் லீசிங்கில் வந்தன. பழுது பார்ப்பதை விட மாற்றுவதே நாகரிகம் என்று எண்ணினோம். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. இருப்பதைக் காப்பாற்றுவதே புத்தி என்று அந்த ஆண்டுகள் எமக்கு மீண்டும் சொல்லித் தந்தன.

தீவகத்தில் பெயாரிங் ஏன் விரைவில் கெடுகின்றது? ஓடிவந்த சில்லின் ஹப் சூடாக இருக்கும். மாரியில் தேங்கிய உப்புநீரில் அது இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அப்போது ஒயில் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியே நீர் உள்ளே இழுக்கப்படும். கிறீஸ் பால்போல் வெளிறிவிடும். வாகனம் நிற்கும் நாட்களில் உருக்கு உருளைகளில் துரு புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிதான் பின்னர் குழியாகின்றது.

கெட்ட பெயாரிங் முன்னரே அறிவிக்கும். வேகம் கூடக்கூட ஓர் உறுமல் எழும். வலப்பக்கம் திரும்பும்போது அது கூடினால் பெரும்பாலும் இடப்பக்கச் சில்லில்தான் பழுது. சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். கையால் சுழற்றினால் மணல் அரைபடுவது போலிருக்கும். ஓடி நின்றபின் ஒரு ஹப் மட்டும் மற்றவற்றை விடச் சூடாக இருந்தாலும் கவனிக்கவேண்டும்.

பழைய கார்களின் முன்சில்லிலும் பாரப்பெட்டிகள் பலவற்றிலும் கழற்றக்கூடிய இரு பெயாரிங்குகள் உண்டு. இவற்றை வீட்டு முற்றத்திலேயே மாற்றலாம். முதலில் பாதுகாப்பு. எமது மண் மணற்பாங்கானது. ஜக்கின் கீழ் தடித்த பலகை வையுங்கள். மற்றச் சில்லுகளுக்கு அணை கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பவேண்டாம். முருகைக்கல்லையும் சீமெந்துக் கல்லையும் முட்டுக்கொடுக்க வேண்டாம், அவை திடீரென நொறுங்கும். இரும்புத் தாங்கி இல்லையெனில் தடித்த மரக்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள்.

சில்லையும் பிறேக் பாகத்தையும் கழற்றியபின் கிறீஸ் மூடி, ஸ்பிளிட் பின், நட், வொஷர் என்ற ஒழுங்கில் எடுத்து, அதே ஒழுங்கில் ஒரு துணியில் வையுங்கள். சில பழைய கார்களில் இடப்பக்க நட் எதிர்த்திசையில் கழலும். ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பாருங்கள். உருளையில் குழியோ நீலநிறமோ தெரிந்தால் அந்தப் பெயாரிங் முடிந்தது. உருளைக்கூட்டை மட்டும் மாற்றி, ஹப்புக்குள் இருக்கும் வெளிவளையத்தைப் பழையதாக விடுவது வீண்செலவு. இரண்டையும் ஒன்றாகவே மாற்றவேண்டும். வெளிவளையத்தைப் பித்தளைத் துண்டு வைத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறித் தட்டிக் கழற்றலாம். புதியதை ஏற்றும்போதும் இறுகப் பொருந்தும் வளையத்தில் மட்டுமே தட்டவேண்டும். அடி உருளைகள் வழியே போனால் புதிய பெயாரிங் ஓடுமுன்பே பழுதாகிவிடும்.

உள்ளங்கையில் கிறீஸ் வைத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி, மறுபக்கம் வெளிவரும்வரை நிரப்புங்கள். ஹப்பின் வெற்றிடத்தை முழுவதும் நிரப்பினால் சூடேறும். பாதிக்கு மேல் வேண்டாம். ஒயில் சீல் எப்போதும் புதியதாக இருக்கட்டும். தீவகத்தில் அதுவே பெயாரிங்கின் ஆயுள். கூம்பு உருளையாயின் சில்லைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பின்னர் தளர்த்தி, விரலால் மட்டும் முறுக்கி, பின் துளைக்கு நேராக்கவேண்டும். மொறிஸ் மைனர் போன்றவற்றில் குண்டுப் பெயாரிங்குகளுக்கு இடையே ஒரு குழாய் இருக்கும். அங்கே நட்டை நன்கு இறுக்கவேண்டும். எது உங்கள் வாகனம் என்று அறிந்து செய்யுங்கள். ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். அதுவே இன்றைய கடையாணி. சிறிது தூரம் ஓட்டியபின் ஹப்பைத் தொட்டும், சில்லை அசைத்தும் மீண்டும் பாருங்கள்.

இதற்கு எல்லையும் உண்டு. புதிய சிறிய கார்கள் பலவற்றில் பெயாரிங் மூடிய ஒரே கட்டாக இருக்கும். போல்ட்டில் பூட்டிய கட்டாயின், அளவுச்சாவி இருந்தால் வீட்டிலும் மாற்றலாம். அச்சு நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கவேண்டும். இறுக்கி ஏற்றிய கட்டாயின் சுத்தியலைத் தொடவேண்டாம். அதற்கு அழுத்தும் இயந்திரம் வேண்டும். அங்கேயும் ஹப்பை நாமே கழற்றி, அதை மட்டும் கராஜுக்குக் கொண்டுபோனால் காரை இழுத்துச் செல்லும் செலவு மிஞ்சும்.

“இது மெக்கானிக்கின் வேலை, கமக்காரனுக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கின்றனர். சில்லு விளையாட்டுப் பொருளல்ல என்ற அவர்களின் அச்சத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் நெடுந்தீவில் வாகனம் பழுதானால் அதைப் படகில் ஏற்றிப் பட்டினத்துக்கு எப்படி அனுப்புவது? பழகாத கை செய்வது ஆபத்து என்றால் கையைப் பழக்குவதே மருந்து. தானே செய்யாவிட்டாலும் உறுமலைக் கேட்டு அடையாளம் காணத் தெரிந்தவரை எவரும் ஏமாற்ற முடியாது.

எனவே சில யோசனைகளை முன்வைக்கின்றோம். ஒவ்வொரு கிராமத்திலும் கமக்காரர் அமைப்போ சனசமூக நிலையமோ ஒரு பொதுக் கருவிப்பெட்டியை வைத்திருக்கட்டும்: நல்ல ஜக், நான்கு இரும்புத் தாங்கிகள், சாவிகள், பித்தளைத் துண்டு, அளவுச்சாவி, ஒரு டின் கிறீஸ். தனிக் குடும்பத்துக்கு இது பாரம், இருபது குடும்பங்களுக்கு இலகு. ஊரிலுள்ள வாகனங்களின் பெயாரிங் இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இலக்கம் வளையத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 6204 என்ற குண்டுப் பெயாரிங்காயின் கடைசி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்க உட்துளை 20 மில்லிமீற்றர் என்று தெரியும். அந்த இலக்கத்தைத் தொலைபேசியில் சொன்னால் பட்டினத்துக் கடையிலிருந்து பொருள் பஸ்ஸிலும் படகிலும் வந்துசேரும்.

தொழில் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றார்கள். அவர்கள் இருக்கும்போதே இளைஞரும் பெண்களும் அவர்களிடம் பழகவேண்டும். போரில் குடும்பத் தலைவனை இழந்த பெண்கள் பலர் இன்று தாமே வாகனம் வைத்துப் பிழைக்கின்றனர். கற்றுக்கொடுக்கும்போது அவர்களை முன்வரிசையில் இருத்துங்கள்.

உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். போருக்குப் பின்னர் வடக்கின் கமக்காரருக்கு இந்தியா 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. வேறு பல நிறுவனங்களும் வழங்கின. நன்றியுடன் ஏற்றோம். இனி இயந்திரம் தருவோர் அதைப் பராமரிக்கும் பயிற்சியையும் அதனுடன் தரட்டும்.

இடம்பெயர்ந்தபோது வீட்டையும் கிணற்றையும் விட்டு வந்தோம். கையில் இருந்த தொழில் ஒன்றுதான் எம்மோடு வந்தது. அதுவும் எமது தலைமுறையோடு நின்றுவிட விடலாமா? மாரிக்கு முன்னர் உங்கள் ஊர்ச் சங்கத்தைக் கூட்டுங்கள். ஒரு வாகனத்தை உயர்த்தி, ஒரு சில்லைக் கழற்றி, பிள்ளைகளின் கையில் கிறீஸ் படட்டும்.