ஓட்டு குறைந்தால் புகாரும் சின்னதா?

ஆப் அப்டேட் ஆனதும் ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்கிறார்களே, அதை வைத்து என்னதான் செய்கிறார்கள்?

மைக்ரோசாஃப்ட் 2014-ல் ‘விண்டோஸ் இன்சைடர்’ திட்டத்தைத் தொடங்கியது. விருப்பம் உள்ளவர்கள் புதிய விண்டோஸை முன்கூட்டியே பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்லலாம். லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். புகார்கள் குவிந்தன. மற்றவர்களின் ஓட்டு அதிகம் விழுந்த புகாரே மேலே தெரியும்.

சிக்கலே அங்கேதான். 2018 அக்டோபர் 2-ல் வெளியான விண்டோஸ் 10 அப்டேட், சிலரது கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல்களையே அழித்துவிட்டது. சில நாள்களிலேயே அப்டேட்டை நிறுத்தினார்கள். இத்தனைக்கும் சோதனைக் கட்டத்திலேயே சிலர் இதைச் சொல்லியிருந்தார்கள். ஓட்டு குறைவு என்பதால் கூட்டத்தில் அமுங்கிப்போனது.

குறையைச் சரிசெய்து மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆகிவிட்டது. பாதிப்பு எவ்வளவு தீவிரம் என்பதைப் பயனரே குறிப்பிடும் வசதியும் பிறகு சேர்ந்தது.

ஆயிரம் பேருக்குப் பிடிக்காத பட்டன் நிறத்தை அடுத்த மாதம் மாற்றலாம். பத்துப் பேரின் ஃபைல் அழிந்தால் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். ஃபீட்பேக்கைப் படிக்கும் டீமில் நீங்கள் இருந்தால், ‘எத்தனை பேர்?’ என்பதோடு ‘எவ்வளவு நஷ்டம்?’ என்றும் கேளுங்கள்.