துடைப்பமும் வாத்தியம்தான்

இசைக்கு ஆண் பெண் பேதம் கிடையாது என்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் அதைச் சொல்லும்போது பின்னால் வாத்தியத்தோடு உட்கார்ந்திருப்பவர்களும் ஆண்கள்தான். பேதமே இல்லாத இசையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், வந்தால் யார் வேண்டாம் என்றது என்பார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, நீங்கள்தான் வரவில்லை என்பார்கள். இந்த வாக்கியத்தை நாம் இலக்கியக் கூட்டத்தில் கேட்டிருக்கிறோம், கட்சிக் கூட்டத்தில் கேட்டிருக்கிறோம், தொழிற்சங்க அலுவலகத்திலும் கேட்டிருக்கிறோம். உலகிலேயே மிகச் சுதந்திரமான இசை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஓர் இசையின் அறையிலும் இதே வாக்கியம்தான் ஒலித்தது. அந்த அறையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

1966 ஜனவரியில் லண்டனில், லிட்டில் தியேட்டர் கிளப் என்ற சின்ன நாடக அரங்கில், டிரம்மர் ஜான் ஸ்டீவன்ஸ் இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். நாடகம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, இரவில், மாடிப்படி ஏறிப் போனால் அங்கே ஒரு கூட்டம் வாசித்துக்கொண்டிருக்கும். கேட்க வந்தவர்களைவிட வாசிப்பவர்கள் அதிகமாக இருந்த இரவுகளும் உண்டு. டெரெக் பெய்லி, எவான் பார்க்கர், ட்ரெவர் வாட்ஸ் என்று பின்னாளில் பெரிய பெயர்களான பலரும் அங்கே வாசித்து வளர்ந்தவர்கள்தாம். ஜாஸிலிருந்து கிளம்பி, ஜாஸையும் விட்டு விலகிய அந்த இசைக்கு ஃப்ரீ இம்ப்ரோவைசேஷன் என்று பெயர். நம் மனோதர்மத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மனோதர்மத்துக்கு ராகம் இருக்கிறது, தாளம் இருக்கிறது. இங்கே அதுவும் முன்கூட்டித் தீர்மானிக்கப்படுவதில்லை. எழுதிவைத்த மெட்டு கிடையாது, நடத்துநர் கிடையாது. ஒருவர் எழுப்பும் ஒலியை மற்றவர் காது கொடுத்துக் கேட்டுப் பதில் சொல்வதுதான் ஒரே விதி.

கேட்பதற்கு ஒரு பெண்ணியக் கனவு போலவே இருக்கிறது, இல்லையா? தலைவன் இல்லை, படிநிலை இல்லை, அடுத்தவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். ஆனால் அந்த அறைகளில் வாத்தியம் ஏந்தியவர்களில் பெண்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏன் என்று யோசிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் போதும். நாடகம் முடிந்த பிறகு தொடங்கி நள்ளிரவு தாண்டி முடியும் கச்சேரிக்கு யாரால் போக முடியும்? காலையில் குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டாதவரால் முடியும். கடைசி ரயில் போய்விட்டால் நடந்தே வீடு சேரலாம் என்று நினைக்கக்கூடியவரால் முடியும். சல்லிக் காசு வராத இசைக்காகப் பத்து வருடம் உழைக்க, வாடகையும் சாப்பாடும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளும் வீடு அமைந்தவரால் முடியும். இந்தச் சுதந்திர இசையின் வரலாற்றை எழுதியவர்கள் வாத்தியங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த நேரத்தில் வீட்டில் குழந்தையோடு இருந்தவர் யார் என்று எத்தனை பேர் எழுதினார்கள்?

இந்த அறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் வியக்கும் ஒன்று உண்டு: நெருக்கம். முன்வரிசையில் உட்கார்ந்தால் வாசிப்பவரின் மூச்சு கேட்கும் என்பார்கள். உண்மைதான், அது பெரிய அனுபவம்தான். ஆனால் நெருக்கம் என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. சின்ன அறையில் வாய்ப்புக் கொடுப்பவரும், கூட வாசிப்பவரும், விமர்சனம் எழுதுபவரும், இரவில் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்பவரும் பெரும்பாலும் ஒரே நான்கைந்து பேர். அவர்களில் ஒருவர் எல்லை மீறினால் யாரிடம் போய்ச் சொல்வது? புகார் வாங்க அங்கே அலுவலகமா இருக்கிறது? 2018இல் அமெரிக்காவில் வி ஹேவ் வாய்ஸ் என்ற இசைக்கலைஞர்களின் கூட்டமைப்பு, கலை நிகழ்த்தும் இடங்களுக்கென ஒரு நடத்தை நெறியை எழுதி வெளியிட வேண்டி வந்தது. ஐம்பது ஆண்டுச் சுதந்திரத்துக்குப் பிறகும் அடிப்படை மரியாதையை எழுத்தில் கேட்க வேண்டியிருந்தது.

இனி 1977க்கு வருவோம். மேகி நிக்கல்ஸ் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, கேளிக்கை அரங்கில் நடனமாடிப் பிழைத்து, பாட வந்தவர். 1968இலேயே ஸ்டீவன்ஸின் குழுவில் சேர்ந்துவிட்டார். பாட வந்த பெண்ணுக்கு எந்த இசையிலும் ஒரு மூலை கிடைத்துவிடும். வாத்தியத்தோடு வருபவளுக்குத்தான் கேள்விகள் காத்திருக்கும். லிண்ட்சே கூப்பர் அப்படி வாத்தியத்தோடு வந்தவர். பஸூன் வாசிப்பவர். இருவரும் பேசிப் பெண்கள் மட்டுமே உள்ள ஒரு குழுவைத் தொடங்கினார்கள். செல்லோவும் பேஸும் வாசித்த ஜார்ஜி போர்ன், டிரம்பெட் வாசித்த கரீன் லியன்சோல், கேத்தி வில்லியம்ஸ் ஆகியோர் சேர்ந்தார்கள். சோஷலிசத்துக்கான இசை என்ற இயக்கம் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில், அக்டோபரில், லண்டனின் ஆல்மோஸ்ட் ஃப்ரீ தியேட்டரில் முதல் கச்சேரி. பெண்கள் குழு என்றுதான் இவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். அச்சாகி வந்த துண்டறிக்கையில் அது பெண்ணியக் குழு என்று மாறியிருந்தது. கேட்டுவிட்டார்கள், கொடுத்துவிடுவோம் என்று இவர்களும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஃபெமினிஸ்ட் இம்ப்ரோவைசிங் குரூப் பிறந்த கதை இது.

அவர்கள் மேடைக்கு எதைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? துடைப்பம், குப்பைமுறம், சட்டி பானை, வேக்குவம் கிளீனர். வாத்தியங்களோடு இவையும் ஒலித்தன. அம்மாவும் மகளுமாக நடித்தார்கள், வெங்காயம் உரித்தார்கள், சிரித்தார்கள், கத்தினார்கள். நன்றாகத் தேர்ந்தவரும் இப்போதுதான் தொடங்கியவரும் ஒரே மேடையில் நின்றார்கள். வீட்டில் எந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததால் அந்த அறைகளில் ஆண்கள் சுதந்திரமாக வாசிக்க முடிந்ததோ, அந்த வேலையைத் தூக்கிவந்து அதே அறையின் நடுவில் போட்டார்கள்.

வந்த பதில் நமக்குப் பழக்கமானது. இவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றார்கள். சக ஆண் கலைஞர்களே சொன்னார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். ஜான் கேஜ் 1959இல் எழுதிய வாட்டர் வாக் என்ற படைப்பில் குளியல் தொட்டி, மின்சார மிக்ஸர், ஐஸ் கட்டி, பூவாளி எல்லாம் வாத்தியங்கள். 1960இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே வாசித்துக் காட்டினார். இன்று அது பரிசோதனை இசையின் செவ்வியல் படைப்பு. கீத் ரோ கிதாரை மேசைமேல் கிடத்திக் கையில் கிடைத்த பொருள்களால் உரசினார்; புதிய மொழி கண்டுபிடித்தவர் என்றார்கள். ஹான் பென்னிங்க் டிரம்ஸை விட்டு எழுந்து மேடைத் தரையையும் நாற்காலியையும் சுவரையும் அடிப்பார், மேதை என்றார்கள். மூவரும் அந்தப் புகழுக்குத் தகுதியானவர்கள்தான், எனக்கு அதில் சண்டை இல்லை. ஜாஸ் டிரம்மர்கள் மெல்லிய கம்பிகளைக் கட்டிய பிரஷ்ஷால் டிரம்மின் தோலைப் பெருக்குவதுபோல வட்டமிட்டு வாசிப்பதைக் கேட்டு நானும் மயங்கியிருக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான். அந்தப் பிரஷ் தோலில் ஓடினால் இசை, ஒரு பெண்ணின் கையில் துடைப்பம் தரையில் ஓடினால் ஏன் கேலிக்கூத்து? ஆண் மிக்ஸரை இயக்கினால் அது ஒலி. பெண் இயக்கினால் அது சமையல். இந்த வேறுபாடு காதில் இல்லை, பார்க்கிறவர் தலைக்குள் இருக்கிறது.

தேர்ச்சி என்பதே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கூப்பரின் தேர்ச்சியை யாரும் சந்தேகிக்க முடியாது. விரைவில் குழுவில் சேர்ந்த சுவிட்சர்லாந்துப் பியானோ கலைஞர் இரேன் ஷ்வைட்சரின் தேர்ச்சியையோ கேட்கவே வேண்டாம். பெற்றோர் நடத்திய உணவகத்தில் வாசித்த குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர். இங்கிலாந்துக்குப் பிறர் வீட்டில் தங்கிக் குழந்தை பார்க்கும் வேலைக்கு வந்தவர். 1970களிலேயே ஐரோப்பாவின் முன்னணிக் கலைஞர்களோடு சமமாக வாசித்தவர். அவர் இருந்த குழுவையே வாசிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்ல முடிந்ததென்றால், தேர்ச்சி என்ற சொல் அங்கே விரல்களைப் பற்றிப் பேசவில்லை. யார் உள்ளே வரலாம் என்பதைப் பற்றிப் பேசியது. விதியே இல்லாத இசை என்று சொல்லிக்கொண்டவர்கள், பெண்கள் வந்ததும் விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள். நம்மூரில் பல்லவி பாடுவது ஆண்களின் வேலை என்று சொல்லிவந்த காலத்தில் டி.கே. பட்டம்மாள் அதை மேடையில் பாடிக் காட்ட வேண்டியிருந்ததே, அதே விதிப் புத்தகம்தான்.

நம் பக்கத்துக் குறைகளையும் மறைக்க வேண்டாம். அந்தக் குழுவிலும் வர்க்கம் இருந்தது, நிறம் இருந்தது. தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் நடுவே உரசல் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அது கலைந்தது. ஆனால் கலைந்த இடத்தில் நிறைய முளைத்தது. 1986இல் கனாய் என்ற பெண் இம்ப்ரோவைசர்களின் விழா தொடங்கியது. ஷ்வைட்சர், நிக்கல்ஸ், பிரெஞ்சு டபுள் பேஸ் கலைஞர் ஜோயெல் லேயாந்த்ர் மூவரும் லே தியாபொலிக் என்ற குழுவாகப் பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நிக்கல்ஸ் லண்டனில் வாரம் ஒரு நாள் யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம், வாசிக்கலாம், சும்மா உட்கார்ந்தும் இருக்கலாம் என்ற கூடுகையைத் தொடங்கினார். பெயரே தி கேதரிங், கூடுகை. தெரியாதவர்களுக்கும் அங்கே இடமிருந்தது. தரம் குறைந்துவிடும் என்று பயந்தவர்களின் அறைகள் பல மூடிப்போயின. கூடுகை பல ஆண்டுகள் நடந்தது.

இன்றைய சின்ன அறைகளை நடத்துகிறவர்கள் நல்லவர்கள், ஏழைகள். அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஆண்டுக்கு ஒரு மகளிர் இரவு வேண்டாம். 1970இலேயே பாலின் ஆலிவெரோஸ் நியூயார்க் டைம்ஸில், இசையமைப்பாளருக்கு முன்னால் பெண் என்ற அடைமொழி எதற்கு என்று கேட்டுவிட்டார். கேட்பது இவ்வளவுதான். மாதத்தில் சில கச்சேரிகளாவது மாலை ஆறு மணிக்குத் தொடங்கட்டும். ஒலிபெருக்கி வாடகைக்குக் கணக்கில் இடம் இருப்பதுபோல் குழந்தை பார்ப்பவரின் கூலிக்கும் ஒரு வரி இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு போனது என்று சுவரில் எழுதி ஒட்டட்டும். யார் வாசிப்பது என்று முடிவு செய்யும் மேசையில் பெண்கள் பாதிப்பேராவது உட்காரட்டும். புகார் என்றால் யாரிடம் சொல்வது என்று வாசலிலேயே ஒரு பெயர் இருக்கட்டும். ஆறு மணிக்கு யார் வருவார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில்: இதுவரை வராதவர்கள் வருவார்கள்.

அடுத்த முறை அப்படி ஓர் அறைக்குக் கச்சேரி கேட்கப் போனால், முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் ஓரமாக நில்லுங்கள். வாசலில் யார் கூடி நின்று இசையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், உள்ளே யார் நாற்காலிகளை மடக்கிக் கோப்பைகளைப் பொறுக்கித் தரையைப் பெருக்குகிறார்கள் என்று பாருங்கள். அந்தத் துடைப்பச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். கச்சேரி இன்னும் முடியவில்லை.