படம் ஓடாததற்கு யார் பொறுப்பு?

லினக்ஸ் போட்ட கணினியில் காணொளி ஓடவில்லையென்றால், இனாமாக வந்தது இப்படித்தான் இருக்கும் என்று தீர்ப்பளித்துவிடுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. கடைக்காரரும் அதை ஆமோதித்து, கையோடு விண்டோஸைப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். விண்டோஸ்காரர்களே படம் பார்க்க விரும்பி உபயோகிக்கும் விஎல்சியும், அதன் அடியில் ஓசையின்றி உழைக்கும் எஃப்எஃப்எம்பெக்கும் லினக்ஸைப் போலவே கட்டற்ற மென்பொருள்கள்தாம் என்பதை அறிந்தோர், சாமர்த்தியக் குறைவால் படம் நின்றது என்று சொல்லத் துணியமாட்டார்கள். பல சமயங்களில் அதை நிறுத்துவது வழக்கறிஞரின் எச்சரிக்கை.

இணையத்தில் மிகுதியாக வழங்கும் ஹெச்.264 என்னும் சுருக்கு முறையின் மீதும், அதன் பின்வந்த ஹெச்.265-இன் மீதும் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் குவிந்து கிடக்கின்றன. விலைக்கு விற்பவர் அதற்கான கட்டணத்தை விலையிலேயே சேர்த்துவிடலாம். விலையே இல்லாமல் வழங்குபவர் யாரிடம் வாங்கி யாருக்குக் கட்டுவார்? இந்தச் சங்கடத்தினால்தான் 2022-இல் ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகை, ஏஎம்டி வரைகலைச் சில்லைக் கொண்டு அத்தகைய படங்களை விரித்துக் காட்டும் வசதியைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கிற்று. சில்லு உள்ளே இருக்கிறது, அதற்கு அந்த வேலையும் தெரியும். ஆயினும் அதனிடம் வேலையை ஒப்படைக்கும் வழி அடைபட்டபடியால், பாரமெல்லாம் மையச் செயலியின் தலையில் விழுந்து, விசிறி இரைய, பேட்டரி மளமளவென்று இறங்க, பெரிய படமானால் தடுக்கித் தடுக்கி நகர்கிறது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்னும் களஞ்சியத்தைச் சேர்த்து, விடுபட்ட இயக்கியை நிறுவினால் தொல்லை தீரும். உபுண்டு என்னும் மற்றொரு லினக்ஸ் வகையில் இன்னும் சுலபம்: நிறுவும்போது பிறருடைய மென்பொருள்களையும் சேர்க்கலாமா என்று கேட்கும் இடத்தில் ஒரு டிக் போட்டால் பெரும்பாலும் போதும்.

இரண்டு இயங்குதளங்களை ஒரே யந்திரத்தில் வைத்துக்கொள்வோரின் கஷ்டங்களிலும், பழி லினக்ஸின் மீதே விழும் இதே அநியாயத்தின் சாயலைக் காணலாம். லினக்ஸில் வேலையை முடித்துவிட்டுக் காலை பத்து மணிக்கு விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் நாலரை என்கிறது. யந்திரத்தின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் வைப்பதே காரணம், ஒரு வரிக் கட்டளையில் சரியாகிவிடும். விண்டோஸை மூடிவிட்டோம் என்று நாம் நம்பியிருக்க, விரைவுத் தொடக்கம் என்ற வசதியின் பேரில் அது அரைத்தூக்கத்தில் கிடந்து, தன் வட்டுப் பகுதியை லினக்ஸ் எழுத முடியாதபடி பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. அவ்வசதியை அணைத்துவிட வேண்டும். இவை சில்லறை விவகாரங்கள்.

2024 ஆகஸ்டில் நிகழ்ந்தது அப்படிப்பட்டதன்று. பழைய, பலவீனமான தொடக்க நிரல்களைத் தடுக்கும் நோக்கத்தோடு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளுக்கு இது பொருந்தாது என்று அந்நிறுவனமே சொல்லியிருந்தும், அத்தகைய கணினிகள் பலவற்றில் புகுந்து, லினக்ஸைத் தொடங்கவொட்டாமல் செய்துவிட்டது. நோக்கம் நியாயமானதே, அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சந்தையில் விற்கும் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தை நம்பும்படி அமைக்கப்பட்டு, லினக்ஸும் அக்கையொப்பத்தை வாங்கிக்கொண்டே உள்ளே நுழையவேண்டியிருக்கும் ஏற்பாட்டில், ஒரு நிறுவனத்தின் கைப்பிசகு பணம் கொடுத்து வாங்கியவரை அவருடைய யந்திரத்திற்கே அந்நியராக்கிவிடுகிறது. விஷயம் தெரிந்தவர்கள், இந்தக் கையொப்பத்தைச் சோதிக்கும் செக்யூர் பூட் என்னும் ஏற்பாட்டை அணைத்துத் தப்பினார்கள். தெரியாதவர்களோ வழக்கம்போல் லினக்ஸைத்தான் வைதார்கள்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸ் வகையும் சேர்த்தே வழங்கப்பட்டது. மேற்சொன்ன தொல்லைகள் நீங்கி அந்த நல்லெண்ணம் முழுமை பெற, அரசு இரண்டு காரியங்கள் செய்யவேண்டும். கட்டணமில்லாமல் வழங்கும் நோக்கத்தோடே 2018-இல் வெளியான ஏவி1 என்னும் சுருக்கு முறையிலும் பாடக் காணொளிகளைத் தரவேண்டும். மக்கள் பணத்தில் கணினி வாங்கும்போது, எந்த இயங்குதளத்தின் கையொப்பத்தை நம்புவது என்று தீர்மானிக்கும் உரிமை உபயோகிப்பவருக்கே இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவிடவேண்டும்.